எல்லார் பெயருக்கும் பதில் சொன்னவள்

பெயரை மூன்று முறை கூப்பிட வேண்டும். முதல் தடவை நாற்காலியில் உட்கார்ந்தபடி, இரண்டாவது தடவை எழுந்து நின்று, மூன்றாவது தடவை வராந்தா விளிம்புக்குப் போய் வேப்பமரத்தைப் பார்த்து. அதற்கும் பதில் இல்லையென்றால் பதிவேட்டில் சிவப்பு மையில் ‘வரவில்லை’ என்று எழுத வேண்டும். அடுத்தடுத்து இரண்டு ‘வரவில்லை’ விழுந்தால் பெயரை அடித்துவிட வேண்டும். அடித்த பெயர் திரும்பப் பதிவேட்டில் ஏற வேண்டுமானால் ஆள் முதலிலிருந்து தொடங்க வேண்டும்: சளிப் பரிசோதனை, கடலூருக்குப் போய் எக்ஸ்ரே, காத்திருப்போர் பட்டியலில் கடைசி இடம்.

இதெல்லாம் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். என் பேரனின் பிறந்தநாள் மனப்பாடமில்லை.

அறுபதுகளில் செஞ்சியில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. இப்போது அந்த இடத்தில் ஜவுளிக்கடை. நான் அங்கே சீட்டு எழுதும் குமாஸ்தா. பி.ஏ. படித்தவன் சீட்டு எழுதுகிறான் என்பதில் எங்கள் மானேஜருக்கு ஒரு பெருமை உண்டு. எனக்கு அது இல்லை. செவ்வாயும் வெள்ளியும் காசநோய்க்காரர்களின் நாள். வாரத்துக்கு இரண்டு ஊசி, தினமும் மாத்திரை, மாதம் ஒரு சளிப் பரிசோதனை, குறைந்தது ஒரு வருஷம். கூட்டிப் பார்த்தால் ஒரு நோயாளி நூறு தடவைக்கு மேல் என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். என் மாமனாரைக்கூட நான் அத்தனை தடவை பார்த்ததில்லை.

இந்த நோயில் ஒரு சங்கடம், மருந்து சீக்கிரமே வேலை செய்துவிடும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும், சோறு இறங்கும். உடனே ஆள் தேறிவிட்டதாக முடிவு செய்துகொண்டு செங்கல் சூளைக்கோ நடவுக்கோ போய்விடுவான். ஆறு மாதம் கழித்து ரத்தமாகத் துப்பிக்கொண்டு வருவான். அதற்குள் நான் அவன் பெயரை அடித்திருப்பேன். கிழிந்து தொங்கும் பழைய சீட்டை நீட்டி, “இதுல நம்பரு இருக்குது பாருங்க” என்பான். நம்பர் இருக்கும். அவன் இருக்க மாட்டான்.

அந்த அம்மாளும் எனக்கு முதலில் ஒரு நம்பராகத்தான் அறிமுகம். வல்லம் பக்கத்தில் மாதா கோயிலைச் சுற்றிய ஒரு சின்ன வேதக்கார ஊரிலிருந்து வந்தாள். நாற்பது வயது இருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு மாதா சுரூபம், இடுப்பில் வெற்றிலைப் பை. ஒரு வருஷச் சிகிச்சையில் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தாள். ‘சிகிச்சை முடிந்தது’ என்று நானே எழுதிக் கையெழுத்துக்கு அனுப்பினேன். அந்த வார்த்தைகளை எழுத எனக்கு வாய்ப்புகள் குறைவு.

அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடியும் வந்து நின்றாள்.

“உனக்குத்தான் முடிஞ்சுபோச்சேம்மா?”

“என்து முடிஞ்சுபோச்சி. இவன்து இப்பத்தான ஆரம்பிக்குது” என்று பின்னால் நின்ற ஓர் ஆளை முன்னால் தள்ளினாள். “ஒண்டியா வர பயப்படறான் ரைட்டரய்யா. ஆஸ்பத்திரின்னாலே இவனுக்கு பேதி ஆவுது.”

அப்படி ஒருவர், பிறகு மூவர், பிறகு ஏழெட்டுப் பேர். அவள் ஊர், பக்கத்து ஊர், அதற்கும் பக்கத்து ஊர். காலையில் முதல் பஸ்ஸில் கும்பலாக வந்து இறங்குவார்கள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் யாருக்கு எந்தத் தேதியில் மாத்திரை தீர்கிறது, யாருக்கு எப்போது சளி எடுத்துவர வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். நான் ‘பதினான்காம் தேதி’ என்று சீட்டில் எழுதுவேன். அவள் அதை அங்கேயே நின்று அவர்களுக்குப் பெயர்த்துச் சொல்வாள். “ஒனக்கு சந்தை போயி மூணா நாளு. ஒனக்கு அமாவாசைக்கு மறாநாளு. மறந்தன்னா வூட்டாண்ட வந்து கத்துவேன்.” ஊசி நாட்களை அவள் நினைவு வைத்துக்கொண்ட விதம் வேறு. “செவ்வாக்கெழம அந்தோணியாரு நாளு. வெள்ளிக்கெழம ஆண்டவரு பாடுபட்ட நாளு. இது எப்டிங்க மறக்கும்?” என்பாள். எங்கள் மானேஜர் இவ்வளவு யோசித்து அந்த இரண்டு நாட்களை வைக்கவில்லை. மற்ற நாட்களில் டாக்டர் வேறு ஊருக்குப் போய்விடுவார், அவ்வளவுதான்.

அவளுடைய விசேஷமான குணம் இதுதான்: அவள் இருக்கும் இடத்தில் யார் பெயரைக் கூப்பிட்டாலும் பதில் வந்துவிடும்.

“மரியசூசை.”

“இருக்கான்.”

“எங்கே?”

“டீக்கடையில.”

“டீக்கடை ஆஸ்பத்திரிக்குள்ள இல்லையேம்மா.”

“ஊதி ஊதிக் குடிச்சினு இருக்கான். நீங்க எழுந்து நின்னு ரெண்டாம் தபா கூப்புடறதுக்குள்ள வந்துடுவான், பாருங்க.”

நான் எழுந்து நிற்பதற்குள் அவள் தெருவைத் தாண்டியிருப்பாள். அவள் முதன்முதலில் முன்னால் தள்ளிய அந்த மரியசூசை கையில் கண்ணாடி டம்ளரோடு இழுபட்டு வருவான்.

“டீயக் குடிச்சிட்டு வரேன்னு சொன்னேனா இல்லியாக்கா?”

“ஒம்பேர ரைட்டரு செவப்புல எழுதிட்டாருன்னா அப்பறம் டீயும் எறங்காது, கஞ்சியும் எறங்காது. நட.”

அவள் ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான் என்றில்லை. தொண்டூரிலிருந்து ஒரு கிழவர் தனியாக வருவார். உட்கார்ந்தால் தூங்கிவிடுவார். அவர் பெயருக்கும் அவள்தான் ‘இருக்காரு’ சொல்வாள். ஒரு தடவை அவர் உண்மையிலேயே வரவில்லை. அன்றைக்கும் சொன்னாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். “பஸ்ஸு வரலைங்க. கப்பை ஏரியாண்ட நின்னுபோச்சாம். நடந்து வராரு” என்றாள். பகல் பன்னிரண்டு மணிக்குக் கிழவர் வந்து சேர்ந்தார், புழுதியில் ஊறவைத்தது போல. நான் அவருக்கு ஒன்பது மணிக்கே ‘வந்தார்’ என்று எழுதியிருந்தேன். விதிப்படி அது தவறு. நான் விதிப்படி எழுதுகிறேனா என்று சரிபார்க்க ஆஸ்பத்திரியில் யாரும் இல்லை.

கடைத்தெருவில் பெரிய மளிகைக் கடை வைத்திருந்த ஒரு குடும்பத்தின் மூத்தவரும் எங்கள் பதிவேட்டில் இருந்தார். முதல் நாள் தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் பெயரைக் கூப்பிட்டேன். அசையவில்லை. அந்தப் பெயரை ஊரே கடைப் பலகையில் படித்திருக்கிறது. எழுந்து வந்தால் மறுநாள் அவர் கடையில் ஒருவரும் புளிகூட வாங்க மாட்டார்கள். நான் எழுந்து நின்று இரண்டாவது தடவை கூப்பிட்டேன். எனக்கு அவர் யாரென்று தெரியும், எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்றும் தெரியும். ஆனாலும் கூப்பிட்டேன். அது என் வேலை.

“இருக்காரு” என்றது பழகிய குரல். “எங்கூரு மேஸ்திரி. அதே பேருதான். நாஞ்சீட்ட வாங்கிக்கறேன்.”

அன்றிலிருந்து அவர் மேஸ்திரி ஆகிவிட்டார். துண்டுக்குள்ளிருந்தே சீட்டை வாங்கிக்கொள்வார். ஒரு வார்த்தை பேச மாட்டார். ஒரு நாள் அவள் அந்தக் கடைக்கே கொத்தமல்லி விதை வாங்கப் போயிருக்கிறாள். என்னிடம் வந்து சொன்னாள்: “என்னிய ஏறெடுத்துப் பாக்கல ரைட்டரய்யா. யாரோ எவரோங்கற மாரி மடிச்சிக் குடுக்கறாரு. இன்னா நடிப்பு! கூத்துல சேத்துவுடலாம்.” இதைச் சொல்லிவிட்டு வெகுநேரம் சிரித்தாள். கோபம் அதில் துளியும் இல்லை. நானாயிருந்தால் கொத்தமல்லியைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

அவளுக்கு ஒரு தங்கை உண்டு. பதிவேட்டில் சவரியம்மாள். தளவானூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். காய்ச்சலோடு தாய்வீட்டுக்கு வந்தவளை அக்கா நேராக எங்களிடம் கூட்டிவந்தாள். சளியில் கிருமி இருந்தது. கணவன் வீட்டுக்கு வயிற்றுப்புண் என்று சொல்லியனுப்பினார்கள். உண்மை தெரிந்தால் அந்தப் பெண்ணைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பது எங்கள் வராந்தாவில் எல்லோருக்கும் தெரியும். அப்படித் துரத்தப்பட்டவர்கள் மூன்று பேர் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டரை மாதம் ஒழுங்காக நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை கூட்டம் கலைந்த பிறகு அவள் மட்டும் என் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

“ஒரு நாளு வரலன்னா இன்னா செய்வீங்க ரைட்டரய்யா?”

“வரவில்லைன்னு எழுதுவேன்.”

“சேந்தாப்புல ரெண்டு தபா வரலன்னா?”

“பேரை அடிச்சிடுவோம்.”

“அடிச்சிட்டா?”

நான் பேனாவை மூடி வைத்துவிட்டு முழுதாக விளக்கினேன். சளி, கடலூர், எக்ஸ்ரே, காத்திருப்போர் பட்டியல், அந்தப் பட்டியலில் இப்போது எத்தனை பேர், இடம் கிடைக்க எத்தனை மாதம். நான் எதையும் அரைகுறையாக விளக்கியதில்லை. அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில், “கறாராத்தான் வச்சிருக்கீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். அதை ஒரு பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் பருவம். மாமியார் வீட்டிலிருந்து ஆள் வந்து சவரியம்மாளைக் கூட்டிப்போய்விட்டார்கள். வேலைக்கு ஒரு கை குறைகிறது. வயிற்றுப்புண்ணுக்கு எவ்வளவு நாள்தான் தாய்வீடு? இது எனக்குப் பிற்பாடு தெரிந்த கதை. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் செவ்வாய்க்கிழமை நான் ‘சவரியம்மாள்’ என்று கூப்பிட்டதும் ‘இருக்கா’ என்று பதில் வந்ததுதான். சீட்டு எடுத்துக்கொள்ளப்பட்டது. ஊசி அறைக்குப் போனது. அங்கே பெண்களுக்கு ஒரு துணி மறைப்பு. நர்ஸ் சீட்டைப் பார்ப்பார், இடுப்பைப் பார்ப்பார், முகத்தைப் பார்க்க நேரமிருக்காது. ‘ஊசி போடப்பட்டது’ என்று சீட்டு என்னிடம் திரும்பி வந்தது. நான் பதிவேட்டில் குறித்தேன்.

தங்கை வராந்தாவில் இல்லை என்று எனக்குத் தெரியுமா? தெரியும். தலையை நிமிர்த்தியிருந்தால் போதும். நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

மாத்திரைகளை அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பூசை முடிந்து வெளியே வரும் கூட்டத்தில் தங்கையின் முந்தானையில் முடிந்துவிட்டிருக்கிறாள். ஊசியை அப்படி முடிந்துகொடுக்க முடியாது. போடாமல் விட்டால் பெயர் போய்விடும். ஆகவே மறைப்புக்குப் பின்னால் போய்த் தங்கையின் ஊசியைத் தான் போட்டுக்கொண்டாள். ஒன்பது வாரம், பதினெட்டு ஊசி. ஏற்கனவே ஒரு வருஷம் அதே மருந்தை முழுதாக வாங்கிய உடம்பு அது.

நான்காவது வாரமே நடை மாறிவிட்டது. வராந்தாவில் சுவரைத் தொட்டுக்கொண்டு நடந்தாள். படியில் இறங்கும்போது கிணற்றில் இறங்குகிறவள் போல ஒரு காலை நீட்டித் தேடினாள். “தலைய சுத்துது. பித்தம்” என்றாள். மரியசூசை அவளைக் கைப்பிடித்துக் கூட்டிவர ஆரம்பித்தான். “ஆஸ்பத்திரின்னா எனக்கு பேதியாவுதுன்னு சொன்னியே, இப்ப யாரு யாரப் புடிச்சினு வராங்க?” என்று கேட்டுக்கொண்டே வருவான். முன்பெல்லாம் அவனை ஒரு போடு போட்டிருப்பாள். இப்போது சும்மா சிரித்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை பெயர் கூப்பிட்டுக்கொண்டு வந்தவன், நடுவில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வாயால் ஊதி, வேட்டி முனையில் துடைத்து மாட்டிக்கொண்டு நிமிர்ந்தேன். எதிரே நின்றவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இருக்கா” என்றாள்.

நான் யார் பெயரையும் கூப்பிட்டிருக்கவில்லை.

அந்த மருந்துப் புட்டியோடு மடித்து வைத்த ஒரு காகிதம் வரும். எங்கள் ஆஸ்பத்திரியில் அதை முழுதாகப் படித்தவன் நான் ஒருவன்தான். படிப்பதற்கு வேறு எதுவும் இல்லாத மத்தியானங்களில் படித்தேன். முதலில் தலைசுற்றல், பிறகு காது கேட்காமல் போகும் என்று அதில் இருந்தது. எனக்கு ஒரே நொடியில் எல்லாம் புரிந்தது. அவளைக் கிட்டே கூப்பிட்டேன்.

“ஊசி யாருக்கும்மா போடறாங்க?”

அவள் என் முகத்தைப் பார்த்து, நான் என்ன கேட்டிருப்பேன் என்று ஊகித்து, பதில் சொன்னாள்: “மல்லாட்ட ஆவற வரைக்குந்தான். வர செவ்வாக்கெழம வந்துடுவா.”

எங்களிடம் அந்த மாதம் புதிதாக ஒரு டாக்டர் வந்திருந்தார். இளைஞர். பதிவேட்டையெல்லாம் படிக்கும் வியாதி அவருக்கு இருந்தது. செவ்வாய்க்கிழமை சவரியம்மாள் வந்தாள், அக்கா சொன்னபடியே. இளைத்து, கன்னம் ஒட்டி, வாயில் முந்தானையை வைத்து இருமிக்கொண்டு. சளியில் மறுபடியும் கிருமி. டாக்டர் பதிவேட்டோடு என்னையும் உள்ளே கூப்பிட்டார். அக்காவும் தங்கையும் நின்றார்கள்.

“ஒரு ஊசிகூடத் தவறல” என்றார் டாக்டர், என் எழுத்தின் மேல் விரலை ஓட்டியபடி. “ஒன்பது வாரம் ஒழுங்கா போட்டும் கிருமி இருக்குன்னா, மருந்து இந்தப் பொண்ணுக்குக் கேக்கலன்னு அர்த்தம். இதை நிறுத்திடணும். சானடோரியத்துக்கு எழுதிடறேன். குறைஞ்சது ஒரு வருஷம் அங்கேயே இருக்கணும்.”

சவரியம்மாள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “வூட்ல தெரிஞ்சிபூடும்க்கா. என்னிய தள்ளி வச்சிடுவாங்கக்கா.”

அக்கா டாக்டர் வாயைப் பார்த்தாள், தங்கை வாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “இன்னா சொல்றாரு ரைட்டரய்யா?”

நான் அவள் காதருகே குனிந்து, கத்திச் சொன்னேன். மருந்து கேட்கவில்லையாம். நிறுத்தப் போகிறாராம். வெளியூருக்கு அனுப்பப் போகிறாராம்.

“கேக்காம இன்னா, போட்டாத்தான கேக்கும்?” என்றாள். “அவளுக்குப் போடவே இல்லியே. எல்லாம் எனக்குத்தான் போட்டாங்க.”

டாக்டர் பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இது உங்க எழுத்துதானே?”

“ஆமாம் சார்.”

“அந்தப் பொண்ணு வந்ததா எழுதியிருக்கீங்க.”

“பேரைக் கூப்பிட்டேன். பதில் வந்தது. எழுதினேன்.”

“யார் சொன்ன பதில்?”

இங்கே ‘கவனிக்கவில்லை’ என்று சொல்ல இடமிருந்தது. அப்படிச் சொன்னால் ஒரு கவனக்குறைவு மெமோவோடு போய்விடும். அந்த அம்மாள் சொல்வது பொய்யா நிஜமா என்பது டாக்டருக்குச் சந்தேகமாகவே நின்றிருக்கும். தங்கை சானடோரியத்துக்குப் போயிருப்பாள்.

“இந்த அம்மா. ஒன்பது வாரமும் இவங்கதான். எனக்குத் தெரியும்” என்றேன்.

டாக்டர் எழுந்து வந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி அவளுக்குப் பின்னாலிருந்து வலது காதோரம் பிடித்தார். பிறகு இடது காதோரம். அவள் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் என்ன நடக்கிறது என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டாக்டர் கடிகாரத்தைத் திரும்பக் கட்டிக்கொள்ளக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

“அப்போ மருந்து தோத்துப்போகல” என்றார் தங்கையிடம். “இங்கேயே மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்.” என் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல் கேட்டார்: “வெளியூர்ச் சீட்டுன்னு ஒண்ணு இருக்கே. அதை ஏன் குடுக்கல?”

இருந்தது. சாம்பல் நிற அட்டையோடு ஒரு கட்டு, என் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில். வேலைக்கோ விசேஷத்துக்கோ ஊர்விட்டுப் போகிற நோயாளி அதில் ஒன்றை எழுதி வாங்கிக்கொண்டால், மூன்று மாதம் வரை அவர் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலுள்ள மருந்தகத்திலேயே ஊசி போட்டுக்கொள்ளலாம். மருந்தை நாங்கள் அனுப்பிவிடுவோம். பெயர் பதிவேட்டில் அப்படியே இருக்கும். நம்பரையும் மருந்தையும் தவிர அந்தச் சீட்டில் நோயின் பெயர்கூட இருக்காது. பலவீனத்துக்கு ஊசி என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளலாம்.

“யாரும் கேக்கல சார்” என்றேன்.

அவர் பதிவேட்டை மூடி என்னிடம் நீட்டினார். எனக்குக் கிடைத்த மெமோவில் அந்தச் சீட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

தங்கை பிழைத்தாள். மேலும் ஒன்றே கால் வருஷம் ஆயிற்று. அவளுக்கும் நான்தான் ‘சிகிச்சை முடிந்தது’ எழுதினேன். மாமியார் வீட்டுக்குக் கடைசிவரை வயிற்றுப்புண்தான். அக்காவின் காது திரும்பவில்லை.

ஆனால் நான் சொல்ல நினைத்தது டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்த பிறகு நடந்ததை. இழுப்பறையைத் திறந்து அந்தக் கட்டை எடுத்தேன். மேல் அட்டையில் தூசி இருந்தது. சவரியம்மாள் பெயருக்கு ஒரு சீட்டு எழுதிக் கிழித்தேன். அக்கா மேஜையோரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இது இன்னா சீட்டு?”

நான் கத்திச் சொன்னேன். ஊரில் இருந்தே ஊசி போட்டுக்கொள்ளலாம் என்றேன். பெயரை அடிக்க மாட்டோம் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. மறுபடியும் கத்தினேன். தூங்கிக்கொண்டிருந்த தொண்டூர்க் கிழவர்கூட எழுந்துகொண்டார். துண்டு போர்த்திய மேஸ்திரி முதன்முறையாகச் சுவரை விட்டு என் பக்கம் திரும்பினார்.

அவள் சீட்டை வாங்கி, படிக்கத் தெரியாத கண்ணால் மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு கட்டைப் பார்த்தாள். அதில் எவ்வளவு சீட்டுகள் மிச்சம் என்று விரலால் ஓரத்தைத் தள்ளிப் பார்த்தாள்.

“எப்பலேர்ந்து இருக்குது இது?”

“ஆரம்பத்துலேர்ந்து.”

அந்த ஒரு வார்த்தையை மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை புரிந்தது. அவள் தலையாட்டினாள், அன்றைக்கு நான் விதிகளை விளக்கியபோது ஆட்டியது போலவே.

“நாந்தான் கேட்டிருக்கணும் ரைட்டரய்யா” என்றாள். தன் குரல் தனக்கே கேட்காததால் மிகவும் உரக்கச் சொன்னாள். “கேக்காம வுட்டுட்டேன்.”

சீட்டை வெற்றிலைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, தங்கையின் தோளைப் பிடித்தபடி படியிறங்கினாள். அடுத்த பெயரை நான் முதல் தடவையே எழுந்து நின்று கூப்பிட்டேன்.